மேசையிலே மூவர்!

சென்ற திங்கள் ஒரு மாலை. அச்சுக்குப் போகவேண்டிய பக்கத்தை முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தேன். எதிரே ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய வயது, தோளிலே துண்டு, கையிலே ஒரு கடித உறை. நான் அறியாதவரல்லர். அவருடைய ஊருக்குக் கூட்டம் பேசச் செல்லும்போதெல்லாம் பேருந்து நிலையத்திலே காத்திருந்து, "சாப்பிட்டாச்சா தம்பி?" என்று கேட்டு, மேடைவரை அழைத்துச் செல்பவர். கூட்டம் முடிந்ததும் ஒலிபெருக்கிக்காரருக்குக் கணக்குத் தீர்த்து, வாடகை நாற்காலிகளை எண்ணி அடுக்கி, விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுக் கடைசி ஆளாக வீடு திரும்புபவர்.

"வாங்கண்ணே, உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். உறையை நீட்டினார்.

அழைப்பிதழ்! அவரோடு கல்லூரியிலே பட்டம் பெற்றவர்கள் ஐம்பதாண்டு நிறைந்ததை ஒட்டி ஒன்றுகூடுகிறார்களாம். கூடவே ஒரு படிவம். பெயர், ஊர், வகித்த பதவிகள், ஓய்வுபெற்ற ஆண்டு, பிள்ளைகள் இருக்கும் நாடு. ஆமாம், தோழரே, நாடு! ஊர் என்று கேட்கவில்லை, நாடு என்றே அச்சடித்திருக்கிறார்கள். நிரப்பி அனுப்பினால் மலர் ஒன்று வெளியிடுவார்களாம்.

"பேரை எழுதிட்டேன். அதுக்குக் கீழேதான் பேனா ஓடல தம்பி" என்றார் பெரியவர். "என்னோட படிச்சவன் ஒருத்தன் கலெக்டராகி ஓய்வு பெத்தான். ஒருத்தன் பேங்கிலே பெரிய மேனேஜர். ஒருத்தன் அமெரிக்காவிலே கணக்கு வாத்தியார். நான்? நாலு வருஷம் குமாஸ்தா வேலை. அப்புறம் என்ன செஞ்சேன்னு உங்களுக்குத்தான் தெரியுமே! அதைப் பதவின்னு எழுத முடியுமா?"

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, உண்மையான முள்ளை வெளியே எடுத்தார். "இன்னொருத்தனும் வருவான். ஆலையிலே கதவடைப்பு நடந்தப்போ நிர்வாகத்துக்காக வழக்காடின வக்கீல். நூத்துக்கணக்கான குடும்பம் தெருவிலே நின்னது. அவனும் நானும் மூணு வருஷம் ஒரே பெஞ்சு. அவன் பக்கத்திலே உட்கார்ந்து எப்படித் தம்பி சோறு தின்னுவேன்? போகட்டுமா, வேண்டாமா?"

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நான் தகுதியுடையவனல்லன். கல்லூரிப் படி மிதித்தவனல்லன் நான். பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு நின்றது. பட்டம் பெற்றோர் கூடும் விழாவிலே பரிமாறுகிற வரிசையிலே வேண்டுமானால் எனக்கு இடமிருந்திருக்கும். ஆனால், நூலகத்துக்குக் கதவு உண்டே, அதற்குப் பட்டம் கேட்பவர் இல்லையே! அங்கே படித்த ஒன்றை அவருக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

அமெரிக்க நாட்டிலே, பாஸ்டன் நகரை ஒட்டி ஓடுகிற சார்லஸ் ஆற்றின் மறுகரையிலே கேம்பிரிட்ஜ் என்றோர் ஊர். அங்கே 1636-இல் தோன்றியது ஹார்வர்டு கல்லூரி. பெரிய இடத்துப் பிள்ளைகளின் கல்லூரி. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் அங்கே மாணவர் பெயர்ப்பட்டியல் அகரவரிசையிலே எழுதப்படவில்லை. மதிப்பெண் வரிசையிலும் எழுதப்படவில்லை. தகப்பனாரின் தகுதி வரிசையிலே எழுதப்பட்டது! பையன் வந்து பெஞ்சிலே உட்காரும் முன்பே, அவன் பிறப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த நோய் நம்மூருக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தேன், படிக்கும்வரை.

அந்தக் கல்லூரியிலிருந்து 1829-ஆம் ஆண்டு பட்டம் பெற்று வெளியேறியது ஒரு வகுப்பு. ஐம்பது அறுபது இளைஞர்கள். நம் நாட்டிலே அப்போது கம்பெனி ஆட்சி. உடன்கட்டை ஏற்றுவதைத் தடைசெய்து வங்காளத்திலே பெண்டிங்க் சட்டம் போட்டதும் அதே ஆண்டுதான். அமெரிக்காவிலோ, தென் மாநிலங்களிலே இருபது இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாகப் பருத்திக் காட்டிலே வெந்துகொண்டிருந்தனர். ஹார்வர்டு வகுப்பறையிலே அந்த வெப்பம் தெரியாது. சாளரத்துக்கு வெளியே பனி.

பட்டம் பெற்றவர்கள் பிரிந்தனர். ஆனால் மறக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பாஸ்டன் நகரிலே கூடி உண்பது என்று வைத்துக்கொண்டனர். அந்த வகுப்பிலே ஒரு கவிஞர் இருந்தார், ஓலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்று பெயர். 1851 முதல் 1889 வரை, ஏறத்தாழ நாற்பதாண்டு, வகுப்புத் தோழர்களுக்காகவே அவர் பாடல் எழுதிவந்தார். நாற்பது வயதிலே தொடங்கிய கை, எண்பது வயதுவரை ஓயவில்லை.

1859-ஆம் ஆண்டு அவர் படித்த பாடலின் பெயர் 'பையன்கள்'. கூடியிருந்தவர்களோ ஐம்பதை எட்டியவர்கள்! மாநில உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர். சட்டமன்றத்தின் அவைத்தலைவராயிருந்தவர் ஒருவர். ஒரு நகரத்தின் மேயராயிருந்தவர் ஒருவர். நாடாளுமன்றம் கண்டவர் ஒருவர். பதவிப் பெயரைச் சொல்லியே ஒவ்வொருவரையும் கேலி செய்து, கடைசியிலே எல்லாரையும் பையன்களாக்கிவிடுகிறார் ஹோம்ஸ். நரையைக் கண்ணிலே பட்ட பனி என்று சொல்லிவிடத் துடிக்கிற மனம். அழகான பாட்டுத்தான். ஆனால் தோழரே, பாட்டை ரசித்துவிட்டு அப்படியே எழுந்து போய்விட எனக்கு மனமில்லை. அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள் வாழ்நாளிலே? முப்பதாண்டுக் கணக்கைக் கேட்போம்.

முதலிலே ஹோம்சையே எடுத்துக்கொள்வோம். கவிஞர் மட்டுமல்ல, மருத்துவர். பாரிசிலே பயின்றவர். அந்நாளிலே பிள்ளை பெற்ற தாய்மார்கள் காய்ச்சல் கண்டு கொத்துக் கொத்தாக மடிந்தனர். காரணம் புரியவில்லை. இல்லை, காரணத்தைச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. 1843-இல் ஹோம்ஸ் எழுதினார்: இந்தக் காய்ச்சலை ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய்க்குச் சுமந்து செல்வது மருத்துவனும் தாதியுமே என்று. கை கழுவுங்கள், உடை மாற்றுங்கள், நோய் தொடர்ந்தால் சிலகாலம் பேறு பார்க்கப் போகாதீர்கள் என்று! வியன்னாவிலே செம்மல்வைஸ் இதே உண்மையைக் கண்டறிந்தது 1847-இல்தான். பெரிய மருத்துவர்கள் சீறினர். பிலடெல்பியா நகரத்துப் பேராசிரியர் ஒருவருக்கோ, மருத்துவர் என்றால் கனவான், கனவானின் கை எப்படி அழுக்காயிருக்க முடியும் என்ற ஐயம். ஹோம்ஸ் பின்வாங்கவில்லை, 1855-இல் அதே கட்டுரையை மீண்டும் அச்சிட்டார். எத்தனை தாய்மார் பிழைத்திருப்பர்! இந்த ஒன்றுக்காகவே அவருக்குத் தலை வணங்கலாம்.

வணங்கிய தலையை உடனே நிமிர்த்தவும் வேண்டியிருக்கிறது. 1850-இல் அவர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் முதல்வர். மூன்று கறுப்பின இளைஞர்கள் அங்கே சேர்ந்தனர். ஹோம்ஸ் சேர்த்துக்கொண்டார். வெள்ளை மாணவர்களிலே ஒரு கூட்டம் கொதித்தது. எங்களோடு இவர்கள் உட்காரலாமா என்று மனுக் கொடுத்தது. ஆசிரியர் குழு கூடியது. அந்தப் பருவம் முடிந்ததும் மூவரும் வரவேண்டாம் என்று முடிவாயிற்று. உண்மைக்காகப் பேராசிரியர்களை எதிர்த்து நின்ற ஹோம்ஸ், இந்த மாணவர்களை எதிர்த்து நிற்கவில்லை. வெளியேற்றப்பட்ட மூவரிலே ஒருவர் மார்ட்டின் டெலேனி. 1865-இல் அமெரிக்கப் படையிலே மேஜர் பதவி பெற்ற முதல் கறுப்பர் அவரே. ஹார்வர்டு கொடுக்காத பட்டத்தை நாடு கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பாதிரியார் சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் பற்றி நீட்டவேண்டியதில்லை. படிப்பு முடித்த இரண்டாம் ஆண்டிலேயே நாட்டுப்பாடல் ஒன்றை எழுதினார்; 1831 ஜூலை 4-ஆம் நாள் பாஸ்டன் தேவாலயத்திலே சிறுவர்கள் பாடினர். 'அமெரிக்கா' என்று அதற்குப் பெயர். நாடு முழுதும் பாடியது. வேடிக்கை என்னவென்றால், மெட்டு பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு! துரத்திய மன்னனின் மெட்டிலேயே விடுதலையைப் பாடினார்கள். ஒரு பாட்டு, அவ்வளவே. அது அவரை ஆயுள் முழுதும் சுமந்தது.

இனிமேல்தான் முள். பெரியவரின் நெஞ்சிலே இருந்த அதே முள்.

அந்த வகுப்பிலே பெஞ்சமின் ராபின்ஸ் கர்ட்டிஸ் என்று ஒருவர். வழக்கறிஞர். வாதத் திறமையிலே வகுப்பிலே அவருக்கு ஈடில்லை. 1836-இல் மாசசூசெட்ஸ் மாநில உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. நியூ ஆர்லியன்சிலிருந்து தகப்பனார் வீட்டுக்கு வந்திருந்த சீமாட்டி ஒருத்தி, கூடவே ஓர் அடிமைச் சிறுமியை அழைத்து வந்திருந்தாள். மெட் என்று பெயர், ஆறு வயது. மாசசூசெட்ஸ் மண்ணிலே அடிமை முறை இல்லையே, இந்தக் குழந்தையை எப்படித் திரும்ப இழுத்துச் செல்லலாம் என்று அடிமை ஒழிப்புச் சங்கத்துப் பெண்கள் வழக்குத் தொடுத்தனர். சீமாட்டியின் பக்கம் நின்று, இவள் என் கட்சிக்காரரின் உடைமை, கொண்டு செல்ல உரிமை உண்டு என்று வாதாடினார் கர்ட்டிஸ். இருபத்தாறு வயது இளைஞர், ஆறு வயதுக் குழந்தைக்கு எதிராக! தோற்றார். குழந்தை விடுதலை பெற்றது.

1850-இல் தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் வந்தது. ஓடிவந்த அடிமையை எந்த மாநிலத்திலும் பிடிக்கலாம். ஜூரி விசாரணை கிடையாது. பிடிபட்டவன் தன் வாயால் சாட்சி சொல்லவும் முடியாது. பாஸ்டன் கொதித்தது. கர்ட்டிஸ் மேடையேறி, சட்டம் சட்டந்தான் என்று பேசினார். அடுத்த ஆண்டு அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கினார் குடியரசுத் தலைவர் பில்மோர்.

அதே வகுப்பிலே இன்னொருவர்: சாமுவேல் மே. படித்து முடித்துப் பாதிரியாரானார். லெஸ்டர் என்ற சிற்றூரிலே பன்னிரண்டு ஆண்டு அமைதியாக வேலை. 1846-இல் அதை விட்டார். மறு ஆண்டு மாசசூசெட்ஸ் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் ஜெனரல் ஏஜெண்ட் ஆனார். பெரிய பெயராக இருக்கிறதே என்று மிரளவேண்டாம். என்ன வேலை தெரியுமா? கூட்டம் ஏற்பாடு செய்வது! எந்த ஊரிலே எந்த நாள் கூட்டம், எந்த மண்டபம், எந்தப் பேச்சாளர், அவர் இரவு எங்கே தங்குவார், பயணச் செலவுக்கு யார் கொடுப்பார், வசூலான தொகை எவ்வளவு, துண்டறிக்கை போய்ச் சேர்ந்ததா... இப்படி ஓயாத கடிதம், ஓயாத கணக்கு. மேடையிலே முழங்கியவர் வெண்டல் பிலிப்ஸ். ஏட்டிலே முழங்கியவர் காரிசன். அடிமைத் தளையிலிருந்து தப்பிவந்து தன் கதையைத் தானே சொன்னவர் வில்லியம் வெல்ஸ் பிரவுன். இவர்களெல்லாம் பேச மேடை வேண்டுமே! அதைப் போட்டவர்களிலே முதல்வர் மே.

இதைச் சொன்னபோது பெரியவரின் முகத்தைப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே துண்டின் ஓரத்தை விரலிலே சுற்றிக்கொண்டிருந்தார்.

எளிய வேலையென்று யாரும் நினைக்கவேண்டாம். அதே பாஸ்டன் தெருவிலே, 1835-இல், காரிசனைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றது கும்பல். இழுத்தவர்கள் குடிகாரர்களல்லர்; கடையும் கணக்கும் உள்ள கண்ணியவான்கள்! பருத்தி வந்தால்தான் ஆலை ஓடும், அடிமை இருந்தால்தான் பருத்தி வரும் என்று அறிந்தவர்கள். அத்தகைய ஊரிலே, மதிப்பான பாதிரி வேலையை விட்டுவிட்டு, கூட்டம் போடுகிறவராகப் பதினெட்டு ஆண்டு வாழ்ந்தார் ஹார்வர்டு பட்டதாரி.

மேயும் குறையற்றவரல்லர். லூசி ஸ்டோன் என்ற வீராங்கனை அந்தச் சங்கத்தின் பேச்சாளர். அடிமை ஒழிப்பைப் பேசத் தொடங்கினால் பெண் விடுதலையிலே போய் முடிப்பார். மே அழைத்துக் கண்டித்தார்: கொடுத்த தலைப்பை விட்டு விலகுகிறீர்களே என்று. அந்த அம்மையார் மசியவில்லை. அடிமைக்காகப் பேசுமுன்பே நான் பெண்ணாகப் பிறந்துவிட்டேனே என்ற பொருள்படப் பதில் சொன்னார். கடைசியிலே, சனி ஞாயிறு அடிமை ஒழிப்பு, மற்ற நாட்களிலே பெண்ணுரிமை என்று உடன்பாடு! அமைப்புப் பொறுப்பிலே இருப்போருக்கு இந்தச் சங்கடம் புரியும். பேச்சாளரின் பக்கந்தான் எனக்குப் பரிவு. நானும் தலைப்பை விட்டு ஓடுகிறவன்தானே!

1856-இல் மே ஒரு சிறு நூல் வெளியிட்டார். அடிமை பிடிக்கும் சட்டத்துக்குப் பலியானவர்களின் பட்டியல் அது. எந்த ஊரிலே, எந்த நாளிலே, யார் பிடிபட்டார், யார் தப்பினார், எந்தத் தாய் எந்தக் குழந்தையோடு இழுத்துச் செல்லப்பட்டாள் என்று வரிசை வரிசையாக. அலங்காரம் ஒன்றுமில்லை. கணக்கெழுதுகிற கை எழுதிய நூல். கர்ட்டிஸ் மேடையேறி ஆதரித்துப் பேசிய அதே சட்டம், அதே வகுப்புத் தோழனின் பேனாவிலே பெயரும் தேதியுமாக வந்து நின்றது.

இந்த இருவரும் ஒரே வகுப்பு. ஒரே ஆண்டுப் பட்டம். ஒரே பாட்டிலே இருவருக்கும் இடம்!

இதோடு நிறுத்தினால் எனக்கு வசதி. ஒருவர் நல்லவர், ஒருவர் கெட்டவர் என்று கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடலாம். வரலாறு அப்படி விடவில்லை.

டிரெட் ஸ்காட் என்ற கறுப்பர், அடிமை முறை இல்லாத பகுதியிலே தன் எசமானன் தன்னை வைத்திருந்தான், ஆகவே நான் விடுதலை பெற்றவன் என்று வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம்வரை போனது. 1857 மார்ச் 6-ஆம் நாள் தீர்ப்பு. கறுப்பன் இந்நாட்டுக் குடிமகனே ஆகமாட்டான், வழக்குத் தொடுக்கவே அவனுக்கு உரிமையில்லை என்றார் தலைமை நீதிபதி டேனி. ஒன்பது நீதிபதிகளிலே எழுவர் ஒரு பக்கம். எதிர்த்தவர் இருவர். ஒருவர் மக்லீன். மற்றவர்?

கர்ட்டிஸ்!

ஆம், குழந்தை மெட்டுக்கு எதிராக வாதாடிய அதே கர்ட்டிஸ். அரசமைப்புத் தோன்றுமுன்பே ஐந்து மாநிலங்களிலே விடுதலை பெற்ற கறுப்பர்கள் வாக்களித்தார்கள், குடிமக்களாக இருந்தார்கள், வாக்களித்து இந்த நாட்டை உண்டாக்கியவர்களிலே அவர்களும் உண்டு. அவர்களை எப்படி நாடற்றவர் என்பீர் என்று ஏடுகளை எடுத்துவைத்து எழுதினார். தீர்ப்பை ஒட்டித் தலைமை நீதிபதியோடு கசப்பான கடிதப்போர். அந்த ஆண்டே, ஆயுட்காலப் பதவியான உச்ச நீதிமன்ற நாற்காலியை விட்டிறங்கி, பழையபடி வழக்கறிஞரானார். 1859-இல் ஹோம்ஸ் பாடிய பாட்டிலே இவருக்குப் புகழ்ச்சி வருகிறது. நேற்று நீதியரசர், இன்று வெறும் ஆள் என்ற செல்லக் குத்தலும் வருகிறது.

திருந்திவிட்டார் என்று கொண்டாடக் கையை உயர்த்துகிறீர்களா? பொறுங்கள். 1862-இல், அடிமைகளை விடுவிப்பேன் என்று லிங்கன் அறிவித்தபோது, குடியரசுத் தலைவருக்கு அந்த அதிகாரம் ஏது என்று எதிர்த்துத் துண்டுநூல் எழுதினார் கர்ட்டிஸ். ஏட்டுச்சட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போகிறவர். ஒரு முறை அது மனிதனின் பக்கம் போயிற்று. அன்று எழுவரை எதிர்த்து நின்றார். அந்த ஒரு நாளையும் மறைக்கக்கூடாது, மற்ற நாட்களையும் மறைக்கக்கூடாது.

இன்னும் சிலர் உண்டு. பெஞ்சமின் பியர்ஸ், அமெரிக்கக் கணிதத்துக்கே அடித்தளமிட்டவர்களிலே ஒருவர். ஏறத்தாழ ஐம்பதாண்டு ஹார்வர்டிலே பேராசிரியர். அறிவிலே மலை. ஆனால், மேலோர் சிலர் அமர்ந்து ஆராய்ச்சி செய்ய உதவுமென்றால் அடிமை முறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கருதியவர். யாரோ உழைக்கட்டும், நான் சிந்திக்கிறேன்! இந்தக் குரலை நாம் இதற்கு முன் எங்கும் கேட்டதே இல்லையா, தோழரே? ஜேம்ஸ் பிரீமன் கிளார்க் என்ற பாதிரியாரோ நேர் எதிர். அடிமை முறையைக் கண்டித்து 1845-இல் தம் சபையின் போதகர்கள் நூற்றுக்கு மேற்பட்டோரின் கையொப்பத்தோடு அறிக்கை வெளிவரப் பாடுபட்டவர். 1861-இல் போர்ப்படையினர் பாடிவந்த ஒரு மெட்டுக்கு நல்ல சொற்கள் எழுதுங்களேன் என்று ஜூலியா வார்டு ஹவ் அம்மையாரைத் தூண்டியவரும் அவரே. பிறந்தது குடியரசின் போர்ப்பாட்டு.

எப்படி இவர்கள் ஒரே வகுப்பின் விருந்துக்கு உரியவர்களாக இருந்தனர்? ஆண்டுதோறும் அழைப்புப் போயிற்று, எல்லாருக்கும். நீ எந்தக் கட்சி என்று கேட்டு ஒருவர் பெயரையும் அடிக்கவில்லை. மேசையிலே கூடியதால் கருத்து மாறியதா என்றால், அதுவுமில்லை. மேசையைக் காப்பதற்காக மே தம் வேலையை நிறுத்தவில்லை. வேலையைக் காப்பதற்காக மேசையை விடவுமில்லை. பலியானோர் பட்டியலை எழுதிய அந்த ஆள்தான் அந்த வகுப்பின் செயலாளராகவும் இருந்து, தோழர்கள் எங்கே இருக்கிறார்கள், யார் இறந்தார்கள் என்று பதிவும் வைத்தவர். எனக்கு இது முழுதும் பிடிக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆறு வயதுக் குழந்தையைத் திருப்பி அனுப்ப வாதாடியவனிடம், நலமா என்று கேட்க எனக்கு நாக்கு எழுமா? ஐயமே. ஆனால், களத்திலே கயிற்றுக்கும் அஞ்சாதவரான மே கேட்கலாம். அவருக்கு அந்த உரிமை உண்டு. நாற்காலியிலே உட்கார்ந்து எழுதுகிற நான், அவருக்காகக் கோபப்படுவது எளிது.

அந்த மேசையிலே யார் இல்லை என்பதையும் பார்க்கவேண்டும். ஒரு கறுப்பர் இல்லை. ஒரு பெண் இல்லை. ஹார்வர்டு கல்லூரியிலே முதல் கறுப்பினப் பட்டதாரி ரிச்சர்டு கிரீனர், பட்டம் பெற்றது 1870-இல். பையன்கள் பாட்டுக்குப் பதினோராண்டு கழித்து! தோழமையைப் பற்றி உருக்கமாகப் பாடிய அந்த அறையின் கதவு அவ்வளவு குறுகலானது.

1861-இல் போர் மூண்டது. அடிமை ஒழிப்புக்காரர்களோடு ஒட்டாமல் நின்ற ஹோம்சின் வீட்டிலிருந்தே மகன் போருக்குப் போனான். மூன்று முறை குண்டடி பட்டான். 1862-இல் ஆன்டீட்டம் களத்திலே கழுத்திலே குண்டு பாய்ந்தது என்று தந்தி வந்ததும், மருத்துவமனை மருத்துவமனையாக மகனைத் தேடி அலைந்தார் ஐம்பத்து மூன்று வயதுத் தகப்பன். கண்டுபிடித்தார், மகன் பிழைத்தான், பின்னாளிலே உச்ச நீதிமன்ற நீதிபதியாகத் தொண்ணூறு வயதுவரை அமர்ந்திருந்தவன் அவனே. ஒதுங்கி நின்றவர் வீட்டையும் போர் தட்டிவிட்டுத்தான் போயிற்று.

1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. மே தம் பொறுப்பிலிருந்து இறங்கினார். எண்ணிப் பாருங்கள்: நீதிபதி வேலை ஒருநாளும் தீர்ந்துபோவதில்லை, கணிதப் பேராசிரியர் வேலை தீர்ந்துபோவதில்லை, நோய் உள்ளவரை மருத்துவர் வேலை உண்டு. மே பார்த்த வேலையோ, அந்த வேலையே இல்லாமற் போகவேண்டும் என்பதற்காகப் பார்த்த வேலை. போயிற்று! பெட்டியைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பிறகு மேசை சுருங்கத் தொடங்கியது. 1874-இல் கர்ட்டிஸ் மறைந்தார். 1880-இல் பியர்ஸ். 1888-இல் கிளார்க். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 1889-இல் ஹோம்ஸ் கடைசிப் பாட்டை எழுதினார். திரையை விழவிடுகிறேன் என்ற கருத்திலே அது முடிகிறது. மறு ஆண்டு பார்க்கர் விடுதியிலே மீண்டும் ஒருமுறை கூடினார்கள். வந்தவர்கள் மூவர். நாட்டுப்பாடல் எழுதிய ஸ்மித். தாய்மாரைக் காத்த ஹோம்ஸ். கூட்டம் ஏற்பாடு செய்த மே. எண்பது வயதுக் கிழவர்கள் மூவர். அன்று பாட்டு இல்லை. பேச்சும் மிகக் குறைவு. கண்ணீர்போல் ஏதோ ஒன்று இருந்தது என்று மே பின்னர் ஒரு கடிதத்திலே குறித்துள்ளார். ஹோம்ஸ் 1894-இல் மறைந்தார், ஸ்மித் 1895-இல், மே 1899-இல்.

நான் சொல்லி முடித்தபோது அச்சகத்துப் பையன் இரண்டாம் முறையாக வந்து பக்கம் கேட்டுவிட்டுப் போயிருந்தான். தேநீர் ஆறிப் போயிருந்தது. பெரியவர் அசையவில்லை.

"கடைசியிலே மூணு பேரா?" என்றார்.

"மூணு பேர்தாண்ணே."

"எங்க வகுப்பிலே முப்பத்திரண்டு பேர். பதினாலு பேர் இப்ப இல்லை. அந்த வக்கீலுக்கு நெஞ்சுவலி வந்து ஆபரேஷன் ஆயிருக்குன்னு கேள்வி." சிறிது நேரம் படிவத்தைப் பார்த்தார். "அவன்கிட்ட கேட்கணும் தம்பி. அந்த வழக்கைப் பத்தி. இத்தனை வருஷத்திலே ஒரு தடவைகூட நேருக்கு நேர் கேட்டதில்லை. கூட்டத்திலே திட்டியிருக்கேன், சுவரிலே எழுதியிருக்கேன், மூஞ்சியைப் பார்த்துக் கேட்டதில்லை."

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றேன்.

சிரித்துவிட்டார். "பின்னால. முன்னால கேட்டா ரெண்டு பேருமே சாப்பிடமாட்டோம்."

பேனா கேட்டார். கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துண்டாலே துடைத்து மாட்டிக்கொண்டு, 'வகித்த பதவிகள்' என்ற இடத்திலே எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'கூட்டம் ஏற்பாடு செய்தல், 46 ஆண்டு' என்று இருந்தது. 'ஓய்வுபெற்ற ஆண்டு' என்ற இடத்திலே ஒரு கோடு போட்டார். படிவத்தை உறையிலே வைத்து ஒட்டிவிட்டு, ஏழரை மணி வண்டியைப் பிடிக்கவேண்டும், நாளைக் காலை ஒலிபெருக்கிக்காரரைப் பார்க்கவேண்டும் என்று எழுந்தார்.